உழவு இயந்திரமும் கருவிகளும் பேசும் பொது மொழி

தோப்பூரில் பெரும்போகத்துக்கு வயலைப் பண்படுத்தும் கமக்காரர், வேறொரு நிறுவனம் செய்த கலப்பையையும் தமது உழவு இயந்திரத்திற் பூட்டலாம். மூன்று புள்ளி இணைப்பு பொதுவாய் அமைந்தமையே இதற்குக் காரணம். இத்தகைய பொதுமை மின்கம்பிக்கும் வேண்டியதாயிற்று.

பசளை தூவும் கருவி நிமிடந்தோறும் ஒரே அளவு பசளையைக் கொட்டுவதாகக் கொள்வோம். இயந்திரத்தின் வேகம் மணிக்கு 6 கிலோமீற்றரிலிருந்து 4 கிலோமீற்றராகக் குறைந்தால், அவ்விடத்தில் விழும் பசளை ஒன்றரை மடங்காகும். பணம் வீணாவதுடன் பயிரும் கெடும். மரக்கறிக்கு மருந்து தெளிக்கும்போதும் இவ்வாறே நிகழும்.

உழவு இயந்திரம் தன் வேகத்தை மின்குறியால் அறிவித்தால், கருவி தன் வாயிலைத் தானே ஒடுக்கிக்கொள்ளும். முன்னர் இதற்கு ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பெட்டியும் தனிக் கம்பியும் வேண்டியிருந்தன. ஐ.எஸ்.ஓ. 11783 என்னும் சர்வதேச நியமம் இவற்றைப் பொதுவாக்கியது. ‘ஐசோபஸ்’ எனப்படும் இம்முறையில், பின்புறத்தில் 9 முனைச் செருகியும் சாரதியின் முன் ஒரு திரையும் பல கருவிகளுக்கும் போதுமானவை. 2008ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட விவசாய இலத்திரனியல் தொழிற்றுறை மன்றம் இவற்றைச் சோதித்துச் சான்றளிக்கும் முறையை நடத்துகின்றது.

கவனிக்க வேண்டியவை:

1. செருகி பொருந்தினால் மட்டும் போதாது. இயந்திரமும் கருவியும் ஒரே செயலுக்குச் சான்று பெற்றனவா என்பதை வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

2. கம்பியை வெட்டி ஒட்டுதல் ஆகாது.

3. இவ்வசதியற்ற இயந்திரத்தில், ஒரே கியரில், வேகம் மாறாது ஓட்டுக. பசளை சீராக விழுவதற்கு அதுவே வழி.