உம்மும்மாவுக்கும் ஒரு போசாக்கு வகுப்பு

கிளினிக் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர் தாய். நிறை பார்த்து, பதிவேட்டில் புள்ளி குறித்து, கஞ்சியைத் தடிப்பாகக் கொடுங்கள், முட்டை பழக்குங்கள், தேநீர் வேண்டாம் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்வதும் அந்தத் தாயிடம்தான். ஆனால் வன்னிப் பெருநிலப்பரப்பில் அடுத்த நாள் விடியும்போது அவர் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிடுவார். அல்லது வயலுக்கும் தோட்டத்துக்கும் கூலிக்குப் போய்விடுவார். சிலர் வருடக்கணக்கில் மத்திய கிழக்கில் இருக்கிறார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்ல இருந்த தடையை 2022 ஜூனில் அமைச்சரவை தளர்த்தி, அந்த வயதெல்லையை இரண்டாகக் குறைத்தது. அப்படியானால் இரண்டரை வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது யார்? தமிழ் வீட்டில் அம்மம்மா, எங்கள் வீட்டில் உம்மும்மா. கிளினிக்கில் சொல்லப்பட்ட வார்த்தை அவருடைய காதுக்கு வருவதற்குள் பாதி தேய்ந்துவிடுகிறது.

மனைப்பொருளியல் பாடத்தில் முதியோர் போசாக்கையும் சிறுவர் போசாக்கையும் நாம் தனித்தனி அலகுகளாகப் படிக்கிறோம். பரீட்சைக்கு அது வசதி. வீட்டில் இரண்டும் ஒரே அடுப்பில், ஒரே கையால் நடக்கின்றன. எனவே முதியோருக்கு ஒரு வகுப்பு, பிள்ளை பராமரிப்போருக்கு இன்னொரு வகுப்பு என்று பிரிப்பதைவிட, இருவரையும் ஒரே பாயில் அமர்த்திக் கற்பிப்பதே எமது பிரதேசத்துக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

முதியவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று தொடங்கும் வகுப்பு முதல் நாளிலேயே தோற்றுவிடும். அவர்களுக்கு நிறையவே தெரியும். இடையில் அறுந்துபோனதும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவையும் கிளிநொச்சியையும் சேர்ந்த எமது குடும்பங்களில் பெரும்பாலானவை புத்தளத்து முகாம்களில் குடியேறின. காணியும் ஆடுமாடும் இல்லாத இடத்தில் நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் சீனியுமே சமையலாயிற்று. எமது தமிழ்ச் சகோதரிகளின் வீடுகளிலும் இதே கதை வேறு விதமாக நடந்தது: பலமுறை இடம்பெயர்ந்து, 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் வந்து, வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. குரக்கன் இடித்த உரலும், முற்றத்து முருங்கையும், காலையில் கறந்த பாலும் இல்லாத ஆண்டுகளில் வளர்ந்த பெண்பிள்ளைகள் இன்று தாய்மார். மாவையும் சீனியையும் கொண்டு வயிற்றை நிரப்பும் பழக்கம் அவர்களோடு ஊருக்குத் திரும்பி வந்தது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது அந்தப் பழக்கம் இன்னும் இறுகியது.

இனிப் பிள்ளையின் கிண்ணத்தைப் பார்ப்போம். கூடுதலாக விளக்கவேண்டிய இடம் இதுதான்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பின்னரும் இரண்டு வயது வரை தாய்ப்பாலோடு திண்ம உணவு. அல்பகறா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பாலூட்டலுக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் கூறுவதையும், பால் மறக்கச் செய்வதைப் பெற்றோர் இருவரும் கலந்து பேசித் தீர்மானிக்கச் சொல்வதையும் எங்கள் மூத்த பெண்கள் அறிவார்கள். ஆறு மாதத்துக்குப் பின் கொடுக்கும் கஞ்சியில்தான் சிக்கல். எட்டு கிலோ நிறையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு தடவையில் கொள்ளுவது சுமார் 240 மில்லிலீற்றர், அதாவது ஒரு பெரிய தேநீர்க் கோப்பை. ஆறு முதல் எட்டு மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு மேலதிகமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி வேண்டும். தண்ணீராக ஓடும் அரிசிக் கஞ்சியில் 100 மில்லிலீற்றருக்கு 30 கிலோகலோரி அளவே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு கோப்பை நிறையக் கொடுத்தாலும் 150ஐ எட்டாது. வயிறு நிரம்பியதால் பிள்ளை பாலும் குடிக்காது. "பிள்ளை வயிறு முட்டக் குடிச்சது, ஏன் நிறை ஏறவில்லை?" என்று உம்மும்மா கேட்பது நியாயமான கேள்வி. விடை அந்தத் தண்ணீரில் இருக்கிறது. கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாமல் ஒட்டி நிற்கும் பதமே சரியான பதம். அதில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்தால் மேலும் 40 கிலோகலோரி கிடைக்கும்.

தடித்த கஞ்சியைச் சிறு பிள்ளையால் விழுங்க முடியாதே என்பார்கள். அதற்கும் பழைய ஒரு வழி உண்டு. குரக்கனை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்கவிட்டு, வெயிலில் உலர்த்தி மாவாக்கி வையுங்கள். முளைக்கும் தானியத்தில் உண்டாகும் அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை வெட்டி இளக்கும். தடிப்பாகக் காய்ச்சிய கஞ்சி சூடு தணிந்து வரும்போது இந்த மாவில் ஒரு தேக்கரண்டி கலந்தால் சில நிமிடங்களில் கஞ்சி இளகிவிடும். தண்ணீர் சேர்க்காமலே இளகியதால் சத்து குறையாது. பிறகு ஒரு கொதி கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கொடுக்கலாம். முளைத்த மாவைக் கருக வறுத்தால் நொதியம் செத்துவிடும், ஆகவே வெயிலில் உலர்த்துவதே போதும். விஞ்ஞான பாடத்தில் அமிலேசு படிக்கும் மாணவி இதை வீட்டு அடுப்பிலேயே செய்து காட்டலாம்.

உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உணவை எட்டு வகையாகப் பிரிக்கிறது: தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பு, கடலை வகை, பால் உணவு, மீன், இறைச்சி, முட்டை, மஞ்சள் நிறப் பழங்களும் கரும்பச்சைக் கீரையும், ஏனைய மரக்கறியும் பழமும். ஒரு நாளில் இவற்றில் ஐந்தாவது கிண்ணத்துக்கு வரவேண்டும். வன்னியில் இது பணக்காரக் கணக்கு இல்லை. சிவப்பரிசிக் குழைசோறு, பயறு, முருங்கையிலை, முட்டை, தாய்ப்பால். எண்ணிப் பார்த்தால் ஐந்தும் வந்துவிட்டன. இரணைமடு, முத்தையன்கட்டு, பாவற்குளம் என்று குளங்கள் நிறைந்த நாட்டில் திலாப்பியா மலிவான மீன். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. முள்ளை விரலால் தடவி அகற்றி மசித்துக் கொடுத்தால் ஏழாம் மாதப் பிள்ளையும் உண்ணும். மீன் கிரந்தி, முட்டை மாந்தம் என்று மூத்தவர்கள் ஒதுக்குவதைக் கேட்டுச் சிரிக்கக்கூடாது. சிறிது சிறிதாகத் தொடங்கி, பிள்ளைக்கு ஒவ்வாமை உண்டா என்று இரண்டு மூன்று நாள் பார்ப்போம் என்று சொன்னால் அவர்களும் இணங்குவார்கள்.

தேன் விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. வன்னிக் காட்டுத் தேன் பெயர்பெற்றது. அந்நஹ்ல் அத்தியாயம் தேனில் நிவாரணம் உண்டெனக் கூறுவதால் எமது வீடுகளில் அதற்குத் தனி மதிப்பும் உண்டு. ஆனாலும் ஒரு வயது முடியும் வரை பிள்ளையின் வாயில் தேன் படக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பற்றீரியா வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது. சிசுவின் குடலிலோ அது வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். பிறந்த பிள்ளைக்குத் தஹ்னீக் செய்யும்போது பேரீச்சம்பழம் கிடைக்காவிட்டால் தேன் தடவுவது சில வீடுகளில் நடக்கிறது. நபிவழியில் வந்தது பேரீச்சம்பழம். அதையும் சுத்தமான கையால், மிகச் சிறிதளவு மட்டும் தொட்டுவைத்தால் போதும். இதை மிட்வைஃப் சொல்வதைவிடப் பள்ளிவாசல் மௌலவி ஒருவர் சொன்னால் சீக்கிரம் ஏறும்.

வீட்டில் சத்துமா இடிப்பவர்கள் கவனிக்கவேண்டியது பூஞ்சணம். சோளமும் நிலக்கடலையும் ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும்; வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. 1973இல் தொடங்கிய திரிபோஷ திட்டமே, அதன் முக்கிய மூலப்பொருள் சோளம் என்பதால், 2022இல் இந்தப் பிரச்சினையில் சிக்கியது நினைவிருக்கும். சுருங்கிய, நிறம் மாறிய கடலையை "வீணாக்கக்கூடாது" என்று பொறுக்கி மாவில் போடும் சிக்கனம் ஆபத்தானது. திரிபோஷ பற்றி இன்னொன்று: எடை குறைந்த ஒரு பிள்ளைக்கென்று வந்த பக்கற், உருண்டையாகப் பிடிக்கப்பட்டு வீட்டிலுள்ள ஐந்து பிள்ளைகளுக்கும் பகிரப்படுகிறது. எந்த உம்மும்மாவாலும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து மற்றதைப் பார்க்கவைக்க முடியாது. அவரைக் கடிந்துகொள்வதைவிட, மற்றப் பிள்ளைகளுக்கு அவித்த கவுப்பியோ எள்ளுருண்டையோ வைத்துக்கொள்ளச் சொல்வது நடக்கக்கூடிய வழி.

வயிற்றோட்டம் வந்தால் உணவை நிறுத்துவது பழைய வழக்கம். நிறுத்தவே கூடாது; ஜீவனியோடு பாலும் குழைசோறும் தொடரவேண்டும். முழு நிலக்கடலை ஐந்து வயது வரை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். முன்பள்ளி ஆசிரியைகளும் இதைக் கவனத்தில் எடுக்கவேண்டும்.

இப்போது ஊட்டியவரின் சொந்தக் கோப்பைக்கு வருவோம். அவர் கடைசியாகத்தான் சாப்பிடுகிறார். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டு முடித்து, சட்டியின் அடியில் மிஞ்சிய குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதை அவர் குறையாகவும் நினைப்பதில்லை. மீன் துண்டு பேரனுக்குப் போயிருக்கும். பல் போனதால் இறைச்சியும் வேண்டாம் என்பார். காலை ரொட்டியும் பிளேன்டியும், பகல் சோறும் பருப்பும் கீரையும், இரவு மறுபடி ரொட்டி. இதில் மொத்தம் 30 கிராம் புரதம் இருந்தாலே பெரிது. வளர்ந்தவருக்குக் கிலோ ஒன்றுக்கு 0.8 கிராம் என்று நாம் படித்தாலும், முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பதே இன்றைய நிபுணர் கருத்து. வயது ஏற ஏறத் தசை கரைவதே காரணம். 50 கிலோ நிறையுள்ள மூதாட்டிக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டை 6 கிராம், ஒரு கோப்பை தயிர் 7 கிராம், நடுத்தர மீன் துண்டு 12 கிராம்: இவை சேர்ந்தால் இடைவெளி ஏறக்குறைய அடைபடும். பிள்ளைக்கு மசித்த மீனும் முட்டையும் பல்லில்லாத அவருக்கும் பொருந்தும் உணவே. ஒரே சட்டியில் இரண்டு பங்கு வையுங்கள் என்பது இதனால்தான். தசை கரைந்தவர் விழுவார். அவர் இடுப்பு முறிந்து கிடந்தால் பேரப்பிள்ளையைத் தூக்க ஆளில்லை.

ஆனால் சிறுநீரக நோயாளிக்கு இந்தக் கணக்கு செல்லாது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதால், அந்த நோய் உள்ளவர் புரதத்தின் அளவை வைத்தியரிடமே கேட்கவேண்டும். முதுமையில் தாகம் குறைந்துவிடும். வன்னி வெயிலில் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் குடிக்கவேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் கீரையின் இரும்புச்சத்து உடலில் சேராது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்து, சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்துகொள்வது நல்லது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் ரமழானுக்கு இரண்டு மாதம் முன்பே வைத்தியரைச் சந்தித்து நோன்பு பற்றியும் மருந்து வேளை பற்றியும் கேட்டறியலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைத் தன் பலவீனமாக நினைத்து அழும் மூத்தவர்கள் பலர். அவர்களுக்குச் சத்துணவுப் பட்டியலைவிட ஆறுதலான பேச்சே முதலில் தேவை.

இவற்றை எப்படிச் சொல்வது? துண்டுப்பிரசுரம் பயன்படாது. செனகல் என்ற முஸ்லிம் பெரும்பான்மை நாட்டில் ஜூடி ஓபெலும் அவரது குழுவினரும் பாட்டிமாரைக் கூட்டிப் பாட்டும், முடிவு சொல்லாத கதைகளும் கொண்டு பேசவைத்தார்கள். கதையின் முடிவைப் பாட்டிமாரே தீர்மானிப்பார்கள். மரபின் காவலர்கள் மாற்றத்துக்கு எதிரிகள் இல்லை என்று அவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதற்கு முன்னர், 1990களின் தொடக்கத்தில், வியட்நாமின் தான் ஹோவா மாகாணத்தில் ஸ்டெர்னின் தம்பதியர் வேறொரு கேள்வியோடு போனார்கள்: ஏழை வீட்டுப் பிள்ளைகளிலும் நன்றாக வளர்பவர்கள் உண்டே, அந்த வீடுகளில் என்ன நடக்கிறது? வயலில் பிடித்த சிற்றிறாலும் நண்டும் வற்றாளை இலையும் அங்கே பிள்ளையின் சோற்றில் சேர்ந்தன. பிள்ளைக்கு ஆகாது என்று ஊர் ஒதுக்கியவை அவை. மற்றத் தாய்மாரும் அவற்றைக் கையில் கொண்டுவந்து கூடிச் சமைத்தார்கள்; அதுவே வகுப்புக்கு நுழைவுச்சீட்டு.

நெல் வயலும் குளமும் கொண்ட எமது ஊர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தும். நீராவிப்பிட்டியிலோ சாளம்பைக்குளத்திலோ ஒரு முன்பள்ளி முற்றம் போதும். அஸருக்குப் பின், அறுவடைக் காலம் தவிர்த்து, வாரத்தில் ஒரு நாள். வருபவர் கையில் ஒரு பிடி முருங்கையிலை, அல்லது ஒரு முட்டை, அல்லது சிறிது நெத்தலிக் கருவாடு. மனைப்பொருளியல் மாணவியர் இருவர் அளவுக் கோப்பையும் கரண்டியும் கொண்டு போகவேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் மாதத்தில் ஒரு முறை வந்து நிறை பார்த்தால் பிள்ளையின் கோடு ஏறுகிறதா என்று உம்மும்மாவே தன் கண்ணால் காணலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மேலே போகும் கோடு விளங்கும். சமைத்ததைப் பிள்ளைகளுக்கு ஊட்டிய பிறகு, அதே சட்டியிலிருந்து ஊட்டியவர்களுக்கும் பரிமாறி, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை மாணவியர் அருகிலிருக்கவேண்டும். இல்லாவிட்டால் தன் பங்கையும் பேரனின் கிண்ணத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.