எலெக்ட்ரிக் காரில் சார்ஜ் குறைகிறதா? எக்ஸெலில் போடுங்கள் கணக்கு!

லேப்டாப் பேட்டரியை கவனித்திருக்கிறீர்களா? சும்மா ஒரு கடிதம் டைப் செய்துகொண்டிருக்கும்போது "இன்னும் 3 மணி நேரம்" என்று காட்டும். உடனே ஒரு கேம்ஸைத் திறந்து பாருங்கள். அதே பேட்டரி, அதே சதவீதம், ஆனால் "இன்னும் 1 மணி நேரம்" என்று மாறிவிடும். லேப்டாப் பொய் சொல்லவில்லை. கடந்த சில நிமிடங்களில் எவ்வளவு செலவானது என்று பார்த்து, இனிமேலும் அப்படியே செலவாகும் என்று ஊகித்துச் சொல்கிறது. அவ்வளவுதான்.

எலெக்ட்ரிக் கார் டேஷ்போர்டில் தெரியும் "இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்ற எண்ணும் இதே போன்ற ஊகம்தான். லேப்டாப் அணைந்தால் பிளக்கில் மாட்டிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில், இரவு நேரத்தில், குடும்பத்தோடு போகும்போது கார் நின்றால்? அதனால் டேஷ்போர்டை மட்டும் நம்பாமல், நாமே கணக்கு போடக் கற்றுக்கொள்வோம். கம்ப்யூட்டர் வாங்கி ஒரு வாரமே ஆனவர்கள்கூட பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

சதவீதம் வேறு, கிலோமீட்டர் வேறு

காரின் பேட்டரிக்குள் ஒரு கண்காணிப்பு சர்க்யூட் இருக்கிறது. பேட்டரிக்குள் எவ்வளவு கரன்ட் போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். வோல்டேஜையும் பார்த்துக்கொள்ளும். இவற்றை வைத்துச் சொல்வதுதான் சதவீதம். இது ஓரளவு நம்பகமான எண்.

கிலோமீட்டர் எண் அப்படியல்ல. நீங்கள் சற்று முன் எப்படி ஓட்டினீர்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். ஊருக்குள் மெதுவாக ஓட்டிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறினால், அது அதிகமாகக் காட்டும். எனவே எப்போதும் சதவீதத்தைப் பாருங்கள். கிலோமீட்டரை நாம் கணக்கிடுவோம்.

யூனிட் என்றால் நமக்குத் தெரியாதா?

கார் பேட்டரியின் கொள்ளளவை கிலோவாட் ஹவர் என்று சொல்வார்கள். பயப்பட வேண்டாம்! நம் வீட்டு கரன்ட் பில்லில் வரும் 'யூனிட்'தான் அது. 1 கிலோவாட் ஹவர் என்றால் 1 யூனிட்.

2020-ல் இந்தியாவில் வெளிவந்த டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக் காரின் பேட்டரி 30.2 யூனிட். உங்கள் லேப்டாப் பேட்டரி 50 வாட் ஹவர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கார் சுமார் 600 லேப்டாப்களின் பேட்டரியைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. அந்த மாடலுக்கு சோதனைக்கூடத்தில் சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கி.மீ. அதாவது ஒரு யூனிட்டுக்கு 10 கி.மீ.க்கு சற்று மேல். சாலையில் இது கிடைக்காது. எவ்வளவு கிடைக்கும் என்பதை நீங்களே அளந்துகொள்ள வேண்டும்.

உங்கள் காரின் மைலேஜைக் கண்டுபிடியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் 60 கி.மீ. தூரம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள். கிளம்பும்போதும் முடிக்கும்போதும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 30 யூனிட் பேட்டரியில் 30 சதவீதம் குறைந்திருந்தால், செலவு 9 யூனிட். 60-ஐ 9-ஆல் வகுத்தால் 6.7 வரும். இதுதான் அந்த வேகத்தில் ஒரு யூனிட்டுக்கு உங்கள் கார் ஓடும் தூரம்.

பேட்டரியில் கம்பெனி சொல்லும் முழு அளவும் ஓட்டத்துக்குக் கிடைக்காமல் இருக்கலாம். கவலை வேண்டாம். சதவீதத்தை வைத்தே அளப்பதால் அந்த வித்தியாசம் கணக்கில் தானாகவே அடிபட்டுப் போகும்.

இதேபோல இன்னொரு நாள் 60 கி.மீ. வேகத்தில் ஓட்டி அளந்து வையுங்கள். என் மாமாவின் காரில் (அதே 30 யூனிட் பேட்டரி) 85 கி.மீ. வேகத்தில் யூனிட்டுக்கு 6.7 கி.மீ.யும், 60 கி.மீ. வேகத்தில் 9 கி.மீ.யும் கிடைத்தன. இரண்டுமே ஏசி போட்டு அளந்தவை.

எக்ஸெலில் ஏழு வரி

எக்ஸெலைத் திறந்து புதிய வொர்க்‌ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் செய்யலாம். முதல் காலத்தில் கீழ்க்கண்ட தலைப்புகளை டைப் செய்யுங்கள். முதல் நான்கு வரிகளுக்கு உரிய எண்களை இரண்டாவது காலத்தில் கொடுங்கள்.

வரி 1: பேட்டரி கொள்ளளவு (யூனிட்) – 30
வரி 2: இப்போதைய சார்ஜ் (சதவீதம்) – 20
வரி 3: ஒரு யூனிட்டுக்கு கி.மீ. – 6.7
வரி 4: போக வேண்டிய தூரம் (கி.மீ.) – 40
வரி 5: கையில் இருக்கும் யூனிட்
வரி 6: தேவைப்படும் யூனிட்
வரி 7: போய்ச் சேரும்போது மீதி (சதவீதம்)

கடைசி மூன்று வரிகளுக்கு எக்ஸெல் விடை சொல்லும். பார்முலாவை டைப் செய்யத் தடுமாற வேண்டாம். மவுஸாலேயே செய்யலாம்.

5-ஆம் வரியின் இரண்டாவது செல்லில் சமக்குறி (=) போடுங்கள். பின் 30 உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். பெருக்கல் குறிக்கு நட்சத்திரக் குறியை (*) தட்டுங்கள். 20 உள்ள செல்லைக் கிளிக் செய்து, /100 என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். விடை 6.

6-ஆம் வரியில் சமக்குறி போட்டு, 4-ஆம் வரி எண்ணைக் கிளிக் செய்து, வகுத்தல் குறி (/) கொடுத்து, 3-ஆம் வரி எண்ணைக் கிளிக் செய்து எண்டர் தட்டுங்கள். விடை 5.97.

7-ஆம் வரியில் சமக்குறி, அடுத்து அடைப்புக்குறியைத் திறந்து 5-ஆம் வரி விடையைக் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறி போட்டு 6-ஆம் வரி விடையைக் கிளிக் செய்து அடைப்புக்குறியை மூடுங்கள். பின் வகுத்தல் குறி, 1-ஆம் வரி எண்ணின் மீது கிளிக், கடைசியாக *100. எண்டர்! விடை 0.1. அதாவது, போய்ச் சேரும்போது பேட்டரி காலி.

இப்போது இரண்டாவது காலத்தின் ஏழு செல்களையும் செலக்ட் செய்து கன்ட்ரோல் + சி தட்டுங்கள். மூன்றாவது காலத்தின் முதல் செல்லைக் கிளிக் செய்து கன்ட்ரோல் + வி தட்டுங்கள். பார்முலாக்களும் சேர்ந்து வந்துவிடும். அங்கே 3-ஆம் வரியில் 6.7-க்குப் பதிலாக 9 என்று மாற்றுங்கள். மீதி 5.2 சதவீதம் என்று வரும். வேகத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பது பக்கத்திலேயே தெரிகிறது அல்லவா? பைலை சேவ் செய்து மொபைலுக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள்.

விழுப்புரத்தில் 20 சதவீதம்

மேலே கொடுத்த எண்கள் கற்பனை அல்ல. மாமா, அத்தை, பாட்டியோடு சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனபோது வந்தவை. மொத்தம் சுமார் 330 கி.மீ. வழியில் ஒரு முறை சார்ஜ் செய்தாக வேண்டும். விழுப்புரத்தில் செய்வதாக ஏற்பாடு. 160 கி.மீ. ஓடி அங்கே சேர்ந்தபோது 20 சதவீதம் மீதி. இரவு ஒன்பது மணி. சார்ஜரின் திரை இருட்டாக இருந்தது. வாட்ச்மேன், "மத்தியானத்துலேர்ந்து வேலை செய்யல சார்" என்றார்.

அடுத்த சார்ஜர் உளுந்தூர்பேட்டை அருகே, சுமார் 40 கி.மீ. தூரத்தில். ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்து வந்ததால் டேஷ்போர்டு 55 கி.மீ. என்று காட்டியது. "அம்பத்தஞ்சு இருக்கு மாப்ளே, தாராளமா போயிடலாம்" என்றார் மாமா. மொபைலில் இருந்த பைலைத் திறந்து காட்டினேன். வழக்கமான 85 கி.மீ. வேகத்தில் போனால் மீதி பூஜ்யம். 60-ல் போனால் 5 சதவீதம்.

"அப்ப ஏசியை அணைச்சிடவா?"

"ஏசி இருக்கட்டும் மாமா. பாட்டிக்குப் புழுக்கம் தாங்காது. அறுபதைத் தாண்டாதீங்க, அது போதும்."

இடது ஓரமாகவே போனோம். பத்து கி.மீ.க்கு ஒரு முறை சதவீதத்தைக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். உளுந்தூர்பேட்டை சார்ஜரில் மாட்டியபோது மீதி 6 சதவீதம். அங்கே 80 சதவீதம் ஏற்றிக்கொண்டு, மிச்சமிருந்த 130 கி.மீ.யை வழக்கமான வேகத்திலேயே முடித்தோம்.

வேகமா, ஏசியா?

சார்ஜ் குறைந்ததும் எல்லோரும் முதலில் ஏசியை அணைப்பார்கள். சிலர் ரேடியோவைக்கூட அணைப்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஏசி ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. தூரத்தை 60 கி.மீ. வேகத்தில் கடக்க 40 நிமிடம் ஆகும். ஏசி செலவு 0.7 யூனிட்டுக்குள். வேகத்தைக் குறைத்ததால் மிச்சமானதோ 1.5 யூனிட்! ரேடியோ செலவு கணக்கிலேயே வராது.

காரணம், காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடுகிறது. 85-லிருந்து 60-க்கு இறங்கினால் அந்தத் தடை ஏறத்தாழ பாதியாகிவிடும். லேப்டாப்பில் சார்ஜ் குறையும்போது திரை வெளிச்சத்தைக் குறைப்பது போலத்தான் இது. நோட்பேடை மூடுவதால் என்ன லாபம்? அதிகம் சாப்பிடுவது எதுவோ அதைக் குறைக்க வேண்டும். ஏசியை இரண்டாவது ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காற்றுத் தடையைக் குறைக்கிறேன் என்று லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். உயிருக்கே ஆபத்து.

கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டியவை

1. கூகுள் மேப்ஸில் உங்கள் வழியைத் திறந்து, எலெக்ட்ரிக் கார் சார்ஜிங் ஸ்டேஷன் என்று தேடுங்கள். பிளக்‌ஷேர் தளத்திலும் பாருங்கள். பெரிய திரையில் முழு வழியையும் ஒரே பார்வையில் பார்ப்பது எளிது.

2. சார்ஜரின் மீது கிளிக் செய்து, சமீபத்தில் எழுதப்பட்ட கருத்துகளைப் படியுங்கள். வேலை செய்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

3. பிளக் வகையைப் பாருங்கள். இந்தியாவில் இன்று பெரும்பாலான கார்களின் வேக சார்ஜிங் பிளக் சிசிஎஸ்-2 வகை. பழைய பாரத் டிசி-001 வகை சார்ஜர் இவற்றில் பொருந்தாது.

4. ஒவ்வொரு சார்ஜருக்கும் மாற்றாக இன்னொன்றைக் குறித்து வையுங்கள். முதல் சார்ஜருக்குப் போய்ச் சேரும்போது, அடுத்ததுக்கும் போகிற அளவு சார்ஜ் மீதி இருக்க வேண்டும். இதுதான் மிக முக்கியம்.

5. திட்டமிடும்போது 7-ஆம் வரி 15 சதவீதத்துக்குக் கீழே வந்தால் திட்டத்தை மாற்றுங்கள்.

6. வேக சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும். அடுத்த இடத்துக்குப் போதுமானால் 80-லேயே கிளம்பலாம்.

அப்படியும் போதாவிட்டால்?

கணக்கு உதைக்கிறது என்றால், ஆள் நடமாட்டமுள்ள இடத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். காரோடு கொடுத்த போர்ட்டபிள் சார்ஜர் இருந்தால், ஹோட்டலிலோ பெட்ரோல் பங்க்கிலோ அனுமதி கேட்டு, எர்த் இணைப்புள்ள 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டலாம். ஒரு மணி நேரத்தில் சுமார் 3 யூனிட் ஏறும். மெதுவாக ஓட்டினால் 27 கி.மீ. போகலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சூடாகித் தீப்பிடிக்கலாம்.

நிஸான் லீஃப் போன்ற சில கார்களில் சார்ஜ் தீரும் நிலையில் ஆமைப் படம் தோன்றும். அதன்பின் கார் வேகமெடுக்காது. ஆமையைப் பார்த்ததும் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டார் பகுதி கெடக்கூடும். காரைத் தூக்கி ஏற்றிச் செல்லும் வண்டியைக் கேளுங்கள்.

இன்னும் கார் வாங்கவில்லையா? பரவாயில்லை. ஏழு வரி வொர்க்‌ஷீட்டை இன்றே செய்து பழகுங்கள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருந்தால் அதன் பேட்டரி அளவை முதல் வரியில் போட்டுப் பாருங்கள். கணக்கு ஒன்றுதான்!