ஜீப் எஞ்சின்: சரிசெய்வதா, மாற்றுவதா?

கேள்வி: எஸ்டேட் வேலைக்கு ஓடும் என் பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப், மலையேற்றத்தில் சூடேறி எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. ரீகண்டிஷன் செய்யலாமா, வேறு எஞ்சின் வைக்கலாமா?
– வாசகர், வால்பாறை

பதில்: எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் முன் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க்கை கிரைண்டிங் செய்ய இடமிருக்கிறது என்றால் ரீகண்டிஷனே நல்லது. லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றி, வளைந்த ஹெட்டை லேத்தில் மட்டம் செய்துவிடலாம். கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்திருந்தால் எஞ்சினையே மாற்றுங்கள்.

அப்போதும் அதே ரக எஞ்சினையே தேடுங்கள். வேறு ரகம் என்றால் மவுண்டிங், கிளட்ச், கியர்பாக்ஸ் இணைப்பு, ரேடியேட்டர் என்று செலவு நீளும். பழைய எஞ்சினானால் ஓடவிட்டுக் கம்ப்ரெஷன் பார்த்து, விற்பனை ரசீதும் வாங்குங்கள். ஆர்.சி.யில் எஞ்சின் எண் இருப்பதால், மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் எஃப்.சி.யிலும் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும்.

எந்த வழியானாலும் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றையும் முதலில் சரிபாருங்கள். சூடேறிய காரணத்தை விட்டுவைத்தால் புது எஞ்சினும் அதே மேட்டில் நின்றுவிடும்.