ஸ்டூடியோ இருந்த வீடும் ஒப்பாரி இருந்த வீடும்

ஹாஸ்டல்ல வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஸ்பீக்கர்ல 'என்ஜாய் எஞ்சாமி' போடறாங்க. 2021 மார்ச் 7-ல வந்த பாட்டு. அப்போ நம்மள்ல பாதி பேர் ஸ்கூல் ஆன்லைன் கிளாஸ்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தோம். இந்த இதழ்ல அந்தப் பாட்டைப் பாடின தீ எப்படி வளர்ந்தார்னு பார்க்கலாம். "அவங்களுக்கென்ன, இசைக் குடும்பம்" அப்படின்னு ஈஸியா சொல்லிட்டுப் போறோமே, அந்த வார்த்தைக்கு உண்மையில என்ன அர்த்தம்னும் சேர்த்துப் பார்க்கணும். நான் நெமிலிக்காரன். இதுல எங்க ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

தீயின் முழுப் பெயர் தீக்ஷிதா வெங்கடேசன். ஈழத் தமிழ் வேர் கொண்டவர், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வளர்ந்தவர். அம்மா மீனாட்சி ஐயர் பாடகி. வளர்ப்புத் தந்தை சந்தோஷ் நாராயணன், 2012-ல் 'அட்டகத்தி' மூலம் அறிமுகமான இசையமைப்பாளர். (திருச்சியில் இன்ஜினியரிங் படித்தவர். நமக்கும் கொஞ்சம் நம்பிக்கை வரட்டும்.) தீயின் குரல் 2013-ல் 'பீட்சா 2: வில்லா' படத்தில் முதலில் வந்தது. 2014-ல் 'மெட்ராஸ்' படத்தில் சக்திஸ்ரீ கோபாலனோடு 'நான் நீ' பாடினார். 2016-ல் 'இறுதிச்சுற்று' வந்தபோது பாட்டு பெரிய ஹிட். "யாருப்பா இது?" என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

இதுவரைக்கும் எல்லாமே வீட்டு இசையமைப்பாளரின் படங்கள். இசைக் குடும்பம் கொடுக்கிற சலுகை இதுதான், இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா அது பணமோ சிபாரிசோ மட்டும் கிடையாது. ஒரு மெட்டு போட்டதும் இசையமைப்பாளருக்கு அதை யாராவது பாடிக் காட்டணும். வரிகள் வந்திருக்காது, ஏதோ ஒரு தத்தகாரத்துல ட்ராக் எடுப்பாங்க. அந்த நேரத்துல வீட்ல இருக்கிற பிள்ளை மைக் முன்னாடி எப்படி நிக்கணும், எங்க மூச்சு எடுக்கணும், தப்பா பாடினா என்ன ஆகும்னு செலவே இல்லாம கத்துக்கும். நம்ம லேப்ல போர்டு எரிஞ்சா ஃபைன் கட்டணும். ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைக்கு வீட்லயே ஒரு லேப் இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஏ.ஆர்.ரஹ்மான் கதையும் இதேதான், கொஞ்சம் கசப்பா. அவருடைய அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். ரஹ்மானுக்கு ஒன்பது வயதானபோது அவர் இறந்துவிட்டார். அப்பா விட்டுப்போன இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அவருடைய அக்கா மகன் ஜி.வி.பிரகாஷ் 1993-லேயே 'ஜென்டில்மேன்' படத்தில் குழந்தைக் குரலாகப் பாடிவிட்டார். குடும்பம் என்பது இங்கே கருவி, காது, ரெக்கார்டிங் தியேட்டர் கதவு மூன்றும் சேர்ந்தது.

தீயின் குரல் தமிழ் சினிமா பழகின மாதிரிக் குரல் இல்லை. தணிந்த குரல், கொஞ்சம் கரகரப்பு, உயிரெழுத்துகளை முழுசாத் திறக்காத உச்சரிப்பு. வெளியே போய் ஆடிஷன்ல நின்னிருந்தா "உச்சரிப்பு சரியில்லம்மா"னு திருப்பி அனுப்பியிருப்பாங்கனுதான் நான் நினைக்கிறேன். வீட்ல ஒருத்தர் அந்தக் குரலைக் குறையா பார்க்காம, அதுக்கேத்த மாதிரி மெட்டு போட்டார். 'இறுதிச்சுற்று' கதாநாயகி குத்துச்சண்டை வீராங்கனை. அங்கே அந்தக் குரல் கச்சிதமாப் பொருந்திச்சு. அப்புறம் வெளியே இருந்து அழைப்பு வந்தது. 2018-ல் யுவன் சங்கர் ராஜா இசையில் தனுஷோடு 'ரவுடி பேபி'. 2020 நவம்பரில் அது யூடியூப்பில் நூறு கோடி பார்வைகளைத் தாண்டியது, தென்னிந்தியப் பாட்டுகளில் முதலாவதாக. அதே 2020-ல் ஜி.வி.பிரகாஷ் இசையில் 'சூரரைப் போற்று' படத்தின் 'காட்டுப் பயலே'. குடும்பம் கதவைத் திறந்து விடும். அடுத்த வீட்டுக்காரர் கூப்பிடணும்னா திறமை இருந்தே ஆகணும்.

இப்போ எங்க பக்கம் வர்றேன். நெமிலிக்காரங்களுக்கு ரயில் பிடிக்கணும்னா அரக்கோணம்தான். அந்த அரக்கோணத்துக்காரர்தான் அறிவு. பா.ரஞ்சித் உருவாக்கின 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாட ஆரம்பித்தவர். 2019-ல் 'தெருக்குரல்' ஆல்பம். 'என்ஜாய் எஞ்சாமி' வரிகள் அவருடையவை. அந்தப் பாட்டுக்குள்ள இருக்கிற கதை அவருடைய பாட்டி வள்ளியம்மாளுடையது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, திரும்பி அனுப்பப்பட்ட தலைமுறை அது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபோது 9,75,000 மலையகத் தமிழர்களைப் பிரித்து, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் எழுதினார்கள். மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டாங்க. அந்த மக்கள் கையில கொண்டு வந்த சொத்துல பாட்டும் ஒண்ணு.

ஒப்பாரியை வெறும் அழுகைனு நினைக்காதீங்க. அதுக்குள்ள ஒரு டிசைன் இருக்கு. முதல் அடியில ஒரு படம்: தோட்டம், கிணறு, தங்கம், மாளிகை ஏதாவது. அடுத்த அடியில அது இல்லாம போனது. நடுவுல உறவுச்சொல்: அப்பாவா, அம்மாவா, புருஷனா. செத்தது யாருங்கறதைப் பொறுத்து அந்தச் சொல்லை மாத்தினா அதே கட்டுமானத்துல புதுப் பாட்டு ரெடி. நம்ம பாஷையில சொன்னா அது ஒரு ஃபங்ஷன், உறவுமுறைதான் ஆர்க்யுமென்ட். இதை எழுத்து தெரியாத பெண்கள், எந்த ஒத்திகையும் இல்லாம, சாவு வீட்ல சுத்தி உட்கார்ந்து அந்த நிமிஷத்துல செய்யறாங்க. வெளியே பறை அடிக்கறவங்க அடிக்கறதுக்கு முன்னாடி வைக்கோல் தீயில காட்டி தோலை விறைக்க வைப்பாங்க. இழுவிசை ஏறினா அதிர்வெண் ஏறும், முதல் செமஸ்டர் பிசிக்ஸ். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோலை உலகம் ஷூவாத்தான் பார்த்திருக்கு. தோலோட சத்தத்தையும் இந்தப் பக்கம் நல்லாவே தெரிஞ்சு வச்சிருக்கு. இந்த வீடுகளை யாரும் 'இசைக் குடும்பம்'னு எழுதினது கிடையாது.

ஆக, அந்த ஒரு பாட்டுல ரெண்டு இசைக் குடும்பம் சந்திச்சது. பாட்டு உலகம் முழுக்கப் போனது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் கனடாவின் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.ரஞ்சித் அதை வெளிப்படையாகக் கேட்ட பிறகு, அறிவுக்கு ஒரு தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது நாட்டில் இல்லை. இசையமைத்ததும் எழுதியதும் பாடியதும் தான்தான் என்று அவர் பதிவு போட்டார். இசை தன்னுடையது, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். தீயும் அறிவின் பங்கை மதித்தே எழுதினார். 2024 மார்ச்சில் சந்தோஷ் வெளியிட்ட வீடியோவில், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார். இது அவர் தரப்பு.

இதுல தீ மேல கோபப்பட எனக்குத் தோணல. அவங்க பாடினாங்க, நல்லாவே பாடினாங்க. ஆனா கேமரா எந்த வாசல்ல போய் நிக்கப் பழகியிருக்குங்கறது தெளிவாத் தெரியுது.

சரி, சட்டம் என்ன சொல்லுது? இதை இன்ஜினியரிங் பசங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். நாளைக்கு உங்க கோடுக்கும் இதே சட்டம்தான். 1957-ம் வருடத்து பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டு என்பது ஒரே பொருள் இல்லை. வரிகள் ஒரு இலக்கியப் படைப்பு. மெட்டு ஓர் இசைப் படைப்பு, அதில் வார்த்தைகள் சேராது. ரெக்கார்டிங் மூன்றாவது உரிமை. பாடியவருக்கு நிகழ்த்துபவர் உரிமை தனி. ஸ்வரம் எழுதத் தெரிஞ்சாத்தான் இசையமைப்பாளர்னு கிடையாது. மெட்டைக் கட்டினவர்தான் இசையமைப்பாளர், குறியீட்டில் எழுதினாலும் எழுதாவிட்டாலும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை விற்றே கையெழுத்துப் போட்டிருந்தாலும் ராயல்டியில் அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றலாம். படத்தில் வராத தனிப் பாட்டுக்கும் இது உண்டு.

இந்த ஏற்பாட்டுல விழற ஓட்டையைப் பாருங்க. எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் பாதுகாப்பு. யார் கட்டினதுனே தெரியாத ஒப்பாரி மெட்டுக்கு? ஒண்ணும் இல்ல. யார் வேணா எடுக்கலாம், எடுத்து அது மேல கட்டினது எடுத்தவரோடது. ஸ்டூடியோ இருக்கிற வீட்ல எல்லாத்துக்கும் தேதி போட்ட ஃபைல் இருக்கும். ஒப்பாரி இருக்கிற வீட்ல பாடினவங்க போனா பாட்டும் போச்சு.

அதனால இந்த இதழோட பயிற்சி: லீவுக்கு ஊருக்குப் போறப்போ உங்க வீட்ல பாடறவங்களைப் போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. பேர், ஊர், தேதி, யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, இதையும் ஆரம்பத்துலயே பேச வச்சு பதியுங்க. பாடறவங்ககிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க, பாட்டு அவங்களோடது.

நான் பொங்கல் லீவுல எங்க ஆயாகிட்ட போனை நீட்டினேன். பயங்கரமா திட்டு விழுந்தது. "ஊட்ல யாரும் சாவல, எதுக்குடா ஒப்பாரி? நல்ல நாளும் அதுவுமா!" ஊட்டுக்குள்ள சும்மா ஒப்பாரி பாடக் கூடாதாம், ஆகாதாம். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே கூப்பிட்டாங்க. "நடவுப் பாட்டு வேணா பாடறேன், எஞ்சாமி. அந்த மிசின எங்க வைப்ப?"