சதையி ஆறுமா?

எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர், கொழும்பிலே மருத்துவசாலையில் பதினொரு நாள் கிடந்து மீண்டார். நோய் சதையி அழற்சி. அதுவும் இரண்டாம் முறை. காணச் சென்ற எம்மை நோக்கி, "ஈரலை வெட்டினாலும் வளருமாம். இது ஆறுமா, ஆறாதா? விலங்கியல் படிப்பித்தவர்தானே நீர், சொல்லும்" என்றார். அன்று யாம் இறுத்த விடை அரைகுறையானது. அக்குறையை நிரப்பும் பொருட்டும், மேல்வகுப்பு மாணவருக்குப் பயன்படும் என்னும் கருத்தினாலும் இதனை வரையலாயினோம்.

சதையி இரைப்பையின் பின்னே, முள்ளந்தண்டுக்குக் குறுக்காக, முன்சிறுகுடலின் வளைவிலே தலையும் மண்ணீரலின் அருகே வாலுமாகக் கிடப்பது. நீளம் ஏறக்குறைய 6 முதல் 8 அங்குலம். தமிழ்நாட்டு நூல்கள் இதனைக் கணையம் என்னும். எமது பாடநூற் சொல்லே எமக்கு உவப்பு. கிரேக்கர் இட்ட பெயரும் 'முழுதும் சதை' என்றே பொருள்படுமன்றோ! இவ்வுறுப்பு இருதொழிலுடையது. இதன் பெரும் பகுதியாகிய கலங்கள் சமிபாட்டுச் சாற்றைச் சுரந்து கானின் வழியே குடலுக்கு அனுப்பும். அவற்றினிடையே தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் கலக்கூட்டங்களை 1869இல் பேர்லினில் மாணவராயிருந்த இலங்ககான் என்பார் கண்டு எழுதினார். அவை எதற்காக உள்ளன என்பதை அவர் அறிந்திலர். இன்சுலின் அங்கிருந்தே குருதியிற் கலக்கின்றது என்பது பின்னரே தெளிவாயிற்று.

இறைச்சியைக் கரைக்கும் சாற்றைச் சுரக்கும் உறுப்பு, தானே இறைச்சியாயிருந்தும் கரையாதிருப்பது எங்ஙனம்? திரிப்சின் என்னும் நொதியம் உறையிலிட்ட கத்தி போல, திரிப்சினோசன் என்னும் செயலற்ற வடிவிலே வெளிவருகின்றது. குடற்சுவர் சுரக்கும் பிறிதொரு நொதியமே அவ்வுறையைக் கழற்றுவது. உறை சதையியினுள்ளேயே கழன்றுவிடின், உறுப்புத் தன்னைத் தானே சமிக்கத் தொடங்கும். இக்கருத்தை 1896இல் கியாரி என்னும் அறிஞர் வெளியிட்டார். 1996இல், பரம்பரையாக இந்நோய் வரும் குடும்பங்களிலே திரிப்சினோசனுக்குரிய பரம்பரையலகே பழுதுற்றிருத்தல் கண்டறியப்பட்டமை, அவர் கருத்துக்கு நூறாண்டின் பின் கிடைத்த சான்று எனலாம். பெரும்பாலாருக்கோ காரணம் வேறு. ஒன்று பித்தக்கல், பித்தக்கானும் சதையிக்கானும் கூடும் வாயிலிலே கல் சிக்கி இந்நோய் விளைதலை ஒப்பி என்பார் 1901இல் எடுத்துக் காட்டினார். மற்றொன்று மது.

இனி, ஆறுமா என்னும் வினாவுக்கு வருவோம். நோயாளருள் ஐவரில் நால்வருக்கு வருவது இலேசானது. சதையி வீங்கும், நீர் கோக்கும். ஆயினும் கலங்கள் பெரும்பாலும் மடிவதில்லை. ஒரு வாரமளவில் வலி நீங்கும். வீக்கம் வற்றி உறுப்புப் பழைய நிலையை ஏறக்குறைய எய்தும். இவ்வகையில் 'ஆறும்' என்பதே விடை. எஞ்சிய வகையிலோ சதையியின் ஒரு கூறு மடிந்துவிடுகின்றது. மடிந்த கூறு மீள்வதில்லை.

நண்பர் ஈரலை உவமை காட்டியது இயல்பே. எலியின் ஈரலில் மூன்றில் இரு பங்கை வெட்டியகற்றினும் சில நாட்களில் அதன் நிறை மீளும். சதையிக்கு அவ்வாற்றல் இல்லை. வளர்ந்த மனிதரில் ஒரு பாதியை அறுத்தெடுத்தால் மற்றப் பாதி பெருகி ஈடுசெய்வதில்லை. எனினும் ஆற்றல் அறவே இல்லை என்றும் கூறலாகாது. சுண்டெலிகளிலே செயற்கையாக அழற்சியை உண்டாக்கிப் பார்த்தனர். சுரக்குங் கலங்கள் தம் தொழிலைக் கைவிட்டு, கானின் கலங்களைப் போன்ற எளிய வடிவுக்குத் திரும்பி, அழற்சி தணிந்தபின் மீண்டும் சுரக்குங் கலங்களாயின. தொழில் நின்ற காலத்திலே பட்டறைக்காரன் கூலிக்குப் போய், நிலைமை சீரானதும் உலைக்களத்துக்கு மீள்வது போன்றது இது. ஆனால் அடி ஓயாமல் விழுந்தால் அவன் மீள்வதில்லை. 1998இல் சதையியினின்று பிரித்தெடுக்கப்பட்ட விண்மீன் வடிவக் கலங்கள், மீண்டும் மீண்டும் தூண்டப்படுங்கால் நாரிழையத்தை நெய்து வடுவாக்கிவிடும். வடு நிலைத்த இடத்திலே சாறு சுரப்பதில்லை.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. நோயாளி சுகமாயிருப்பதும் சதையி ஆறியிருப்பதும் ஒன்றல்ல. இவ்வுறுப்புக்குச் சேமிப்பு மிகப் பெரிது. கொழுப்பைச் சமிக்கும் நொதியம் வழமையில் பத்திலொரு பங்குக்கும் கீழே குறைந்தபின்னரே மலத்தில் எண்ணெய் தோன்றும் என 1973இல் காட்டப்பட்டது. அதுவரை உடையவருக்கு ஒன்றும் தெரியாது. தீவுகள் பழுதுற்றால் நீரிழிவும் வரும். அது மருத்துவசாலையை விட்டு நீங்கிச் சில ஆண்டுகள் கழிந்தும் தோன்றலாம். ஆதலின் குருதியின் வெல்லத்தை ஆண்டுதோறும் பார்த்தல் வேண்டும்.

யாமும் அம்மயக்கத்தில் வீழ்ந்தவரே. முதல் தாக்குதலின் பின் ஓராண்டு கழிந்து, பழைய மாணவர் விருந்தொன்றிலே நண்பர் கிண்ணத்தை மறுத்தபோது, "ஆறிவிட்டதே, ஒன்று எடும்" என்று வற்புறுத்தியோருள் யாமும் ஒருவர். முதல் தாக்குதலின் பின் நாட்பட்ட நோயாக மாறுவது பத்தில் ஒருவருக்கு. மீண்டும் தாக்குதல் நிகழ்ந்தோருள் மூவரில் ஒருவருக்கும் மேல். இவ்வெண்களை யாம் அன்று அறிந்திலேம். பின்லாந்திலே 2009இல் வெளியான ஓராய்வில், மதுவால் இந்நோயுற்றோரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து மதுவைப் பற்றி உரையாடியதாலேயே மீளத் தாக்குதல் குறைந்தது. புகைத்தலும் தனியே ஒரு காரணமென்பது இன்று ஐயமின்றித் தெரிகின்றது. பலர் மதுவை விட்டுச் சுருட்டை வைத்துக்கொள்கின்றனர்.

சிகிச்சை முறையும் மாறியுள்ளது. சதையிக்கு ஓய்வு கொடுத்தல் என்னும் பெயரால் நாட்கணக்கிற் பட்டினியிடுதல் முன்னாள் வழக்கு. இலேசான நோயில், வயிறு ஏற்குமாயின் முதல் நாளிலேயே உணவு கொடுப்பது இன்றைய முறை. உணவில்லாத குடலின் சுவர் தளர்ந்து கிருமிகளுக்கு வழிவிடும் என்பர். நரம்பின் வழியே நீரை மிகையாக ஏற்றுதலும் தீங்கென 2022இல் வெளியான பரிசோதனை காட்டிற்று. பித்தக்கல் காரணமாயின், இலேசான நோயில் வீடு செல்லுமுன்னரே பித்தப்பையை அகற்றிவிடுவது நன்று.

மரவள்ளி உண்ணும் நம்மவர் கேட்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுவோம். மது அருந்தாத இளையோருக்கும் சதையியிற் கற்கள் படிந்து நீரிழிவு வரும் ஒரு வகையை, 1959இல் இந்தோனேசியாவிலிருந்து சுயிடெமா என்பார் எழுதினார். கேரளத்திலும் அது மிகுதியாகக் காணப்பட்டது. மரவள்ளியின் நஞ்சே காரணம் என்றனர். அது நிறுவப்படவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், திரிப்சினை அடக்கும் புரதத்துக்குரிய பரம்பரையலகின் மாற்றம் அந்நோயாளர் பலரிடம் காணப்பட்டது.

நண்பர் சென்ற மாதம் எம்மில்லத்தில் மதிய உணவுக்கு வந்தார். எடை சற்றுக் குறைந்திருந்தது. முதற் கவளத்தோடு நொதியக் குளிகை ஒன்றை விழுங்கினார். உணவின் நடுவே மற்றொன்று. "சோற்றோடு சேர்த்து விழுங்காவிட்டால் பயனில்லையாம்" என்றார். மேசையில் மோரும் தண்ணீரும் மாத்திரமே வைத்திருந்தோம்.