வறட்சி மட்டும் மூன்று கோடிப் பேரைக் கொல்லுமா?

எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சீனா என்றதும் சட்டென்று நினைவுக்கு வருவது லைட்டர். மலிவான சீன லைட்டரால் தீப்பெட்டி ஆபீசில் வேலை நாட்கள் குறைந்த வீடுகளில் அந்தப் பேச்சு அன்றாடம் அடிபட்டது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு 2023 ஜூனில் தடை போட்ட பிறகும் சீனா மேலிருந்த கோபம் முழுதாகப் போகவில்லை. அதே வகுப்பில், செங்கொடி பறக்கும் தெருவிலிருந்து வரும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். அதன் தாத்தாவுக்கு மாவோ என்றால் ஏழைகளின் பக்கம் நின்றவர். இந்த இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்யூனிஸ்ட் ஆட்சியில் சீன மக்கள் பட்டது என்ன, பெற்றது என்ன என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். எந்த வழியில் தொடங்குவது என்று கேட்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாடப்புத்தகத்தின் வழி கையில் இருப்பது. நம் மாநிலப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலகம் பற்றிய பாடத்தில் சீனப் புரட்சி வருகிறது. நெடும்பயணம், 1949, மக்கள் சீனக் குடியரசு என்று கோவையாகப் படிக்கலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அதன் அழுத்தமெல்லாம் புரட்சி எப்படி வென்றது என்பதில்தான் இருக்கிறது. வென்றபின் ஒரு விவசாயி வீட்டு அடுப்பில் என்ன நடந்தது என்பதை ஆசிரியர்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிபிஎஸ்இ பதினோராம் வகுப்புப் பொருளாதாரத்தில் இந்தியா, சீனா, பாகிஸ்தான் ஒப்பீடு ஒரு பாடமாகவே இருக்கிறது. அங்கே, நாட்டை அவசரமாகத் தொழில்மயமாக்க 1958இல் தொடங்கிய மாபெரும் பாய்ச்சல் இயக்கத்தைச் சொல்லிவிட்டு, கடும் வறட்சியில் சுமார் மூன்று கோடிப் பேர் செத்தார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கரிசக்காட்டுப் பிள்ளை இந்த வரியைக் கேள்வி கேட்காமல் தாண்டக்கூடாது. நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷங்கள் நமக்குப் பழக்கம். கம்பும் சோளமும் கருகும், ஆடுமாட்டை விற்போம், பிழைப்பு தேடிப் போவோம். வறட்சி மட்டுமே மூன்று கோடிப் பேரைக் கொல்லுமா? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டால் பாடம் பாதி நடந்தமாதிரிதான்.

ஆகவே என் முதல் சிபாரிசு, பஞ்சத்திலிருந்து தொடங்கும் வழி. அதுவும் நம் பஞ்சத்திலிருந்து. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி ஏதாவது ஒரு வீட்டில் ஒரு ஆச்சி இன்னும் சொல்லக்கூடும். இந்தியா முழுவதும் அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 55 லட்சத்திலிருந்து 80 லட்சத்துக்கும் மேல் என்று கணக்குகள் உண்டு. மழை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த நாட்களிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியக் கூலி போதும் என்று பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். அரைக் கிலோகூட இல்லை.

இதைச் சொன்ன கையோடு சீனாவுக்குப் போங்கள். மேசை மேல் கம்பு வேண்டும், ஒரு படி வேண்டும். பத்துப் படி அளந்து வையுங்கள். இதுதான் ஊர் வெள்ளாமை. கூட்டு விவசாயம் நடத்தும் கம்யூனின் தலைவர் மேலே உள்ளவரிடம் நல்ல பெயர் வாங்க முப்பது படி என்று எழுதி அனுப்புகிறார். பக்கத்து ஊர்க்காரர் நாற்பது என்று எழுதியிருக்கிறார், இவர் குறைத்தால் சந்தேகப்படுவார்கள். மூன்றில் ஒரு பங்கு அரசுக் கொள்முதல். முப்பதில் மூன்றில் ஒன்று எவ்வளவு? ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அளந்து எடுக்கச் சொல்லுங்கள். மேசை காலியாகிவிடும். உண்மைக் கணக்கு இவ்வளவு நேராக இருக்கவில்லை. ஆனாலும் நடந்த விதம் இதுதான். 1959இல் மட்டும் சீனா 40 லட்சம் டன்னுக்கு மேல் தானியம் ஏற்றுமதி செய்தது.

குலுக்கையில் ஒளித்து வைக்கலாமே என்று ஒரு பிள்ளை கேட்கும். பதுக்கியதாகச் சொல்லி அடித்தார்கள், தேடினார்கள். வீட்டில் சமைக்கலாமே? எல்லோருக்கும் பொதுச் சமையற்கூடம் என்று ஆனபின், உருக்கு செய்யும் கொல்லைப்புற உலைகளில் சட்டியும் கரண்டியும் போய்விட்டன. ஊரைவிட்டுப் போகலாமே? 1958இன் குடும்பப் பதிவுச் சட்டம் கிராமத்தானை ஊரோடு கட்டிப்போட்டது. ஹெனான் மாகாணத்தின் சின்யாங் வட்டாரத்தில் மட்டும் பத்து லட்சம் பேர் அளவில் செத்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் 1959இல் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது இந்தப் பாய்ச்சலைக் குறை சொல்லி மாவோவுக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவியே போனது. அதன்பின் யார் வாய் திறப்பார்கள்?

தாது வருஷத்தோடு ஒப்பிடும்போது பிள்ளைகளே ஒரு வேற்றுமையைக் கண்டுபிடிக்க வேண்டும். சென்னையில் பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி அந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878இலேயே புத்தகம் போட்டார். சீனத்தில் 1982ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளிவந்த பிறகுதான் ஆய்வாளர்களால் இழப்பைச் சரியாக அளக்க முடிந்தது. அதுவும் ஒன்றரைக் கோடி என்பார் உண்டு, நாலரைக் கோடி என்பாரும் உண்டு. இங்கே ஆண்டது அந்நியன். அங்கே ஆண்டது விவசாயியின் பெயரைச் சொல்லி வந்த கட்சி. சீனர் பட்ட துயரத்தின் ஆழம் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எண்களை மட்டும் வைத்து நடத்தும் வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கோடி என்றால் பிள்ளைக்கு ஒன்றும் உறைக்காது. ஒரு வீட்டுக் கதையின் வழி அதைவிட மேல். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு அது பொருந்தும். யாங் ஜிஷெங் 1959இல் பள்ளி மாணவர். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சேதி வந்து கொஞ்சம் அரிசியோடு ஓடினார். ஊரில் மரங்கள் பட்டை உரிந்து நின்றன. அப்பாவால் கஞ்சியைக்கூட விழுங்க முடியவில்லை, மூன்றே நாளில் இறந்தார். மகன் அரசைக் குறை நினைக்கவே இல்லை. தன் வீட்டுக்கு வந்த விதி என்று நினைத்துப் பள்ளிக்குத் திரும்பினார். பின்னர் சின்ஹுவா செய்தியாளராகிப் பல ஆண்டுகள் ஆவணங்களைத் திரட்டி 2008இல் ஹாங்காங்கில் புத்தகம் வெளியிட்டார். அவர் கணக்கில் 3 கோடியே 60 லட்சம் பேர். சொந்த நாட்டில் அந்தப் புத்தகத்துக்கு இடமில்லை.

படம் போடலாமா என்று கேட்பீர்கள். ஜாங் யிமோவின் 'டு லிவ்' 1994இல் வந்தது. உருக்கு உலையும் கலாச்சாரப் புரட்சியும் ஒரு குடும்பத்துக்குள் நடக்கும். நல்ல படம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பாதியில் மணி அடித்தால் கெட்டுப்போகும். சனிக்கிழமை முழுதாகப் போட முடிந்தால் போடுங்கள்.

பட்டிமன்றம் வேண்டாம். கம்யூனிசம் நன்மையா தீமையா என்று தலைப்பு வைத்தால் முன்பு சொன்ன அந்த இரண்டு பிள்ளைகளும் வீட்டுப் பேச்சையே ஒப்பிப்பார்கள்.

எந்த வழியை எடுத்தாலும் மறுபக்கத்தையும் அதே பாடவேளையில் சொல்லுங்கள். 1950இன் திருமணச் சட்டம் கட்டாயக் கல்யாணத்தைத் தடை செய்தது. குறுகிய காலப் பயிற்சி பெற்ற 'வெறுங்கால் மருத்துவர்கள்' கிராமம் கிராமமாகப் போனார்கள். 1949இல் நாற்பதைத் தாண்டாத சராசரி ஆயுள், மாவோ இறந்த 1976ஐ ஒட்டிய ஆண்டுகளில் அறுபதைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் சத்துக் குறைவிலும் நோயிலும் சத்தமில்லாமல் செத்தவர்களையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார் அமர்த்தியா சென். இந்தப் பலன்களை மறைப்பது நேர்மையில்லை. அவற்றைக் காட்டி அந்தப் பஞ்சத்தை மறைப்பதும் நேர்மையில்லை. 1989 ஜூன் 4 அன்று தியானன்மென் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியதைப் பன்னிரண்டாம் வகுப்பில் தயங்காமல் சொல்லலாம்.

சீனரையும் சீன அரசையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதற்கு நம் ஊரிலேயே துணை இருக்கிறது. எட்டயபுரத்துப் பாரதி, 1907இல் சீனாவின் சிங் மன்னராட்சி தலையை வெட்டிய சியு சின் என்ற சீனப் பெண்ணின் பாட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பாரதி மணிமண்டபத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நாளில் இதையும் சொல்லிவைத்தால் லைட்டர் கோபம் கொஞ்சம் தணியும்.

பாடத்தை ஷியாவ்காங் கிராமத்தில் முடியுங்கள். 1978 குளிர்காலத்தில் அன்ஹுய் மாகாணத்தின் அந்த ஊரில் 18 விவசாயிகள் ராத்திரியில் ஒளிந்து கூடி, கூட்டு நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வதாக எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். பிடிபட்டு யாராவது ஜெயிலுக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை மற்றவர்கள் 18 வயது வரை வளர்ப்பது என்றும் அதில் எழுதினார்கள். பின்னால் நாடு முழுவதும் அந்த முறையே வந்தது.

அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது வரைபடத்தோடு ஒரு படியும் பத்துப் படி கம்பும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள்.