பழைய விலைப் பட்டியலைப் படிப்பது எப்படி?
மும்மடங்கு நிதிகள் பற்றி வணிகர்களுக்கு ஒரு பாடம்



பழைய விலையைப் பார்த்துப் புதிய கொள்முதலைத் தீர்மானிப்பது நமக்குப் பழகிய வேலை. போன தை மாதம் துவரம் பருப்பு என்ன விலைக்கு வந்தது, ஆடியில் என்ன விலைக்குப் போனது என்று பேரேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில், நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று கைப்பேசியில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் பழைய விலைகளையும் பார்க்கிறார்கள். "இது இத்தனை மடங்கு ஏறியிருக்கிறதே அப்பா, கொஞ்சம் போட்டு வைக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். அவர்கள் காட்டும் பட்டியல் மும்மடங்கு நிதி ஒன்றினுடையதாக இருந்தால், அதை மளிகைப் பேரேடு போலப் படிக்கக் கூடாது. ஏன் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இது என்ன சரக்கு?

பல கம்பெனிகளின் பங்குகளை ஒரே மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டையைச் சிறு சிறு பங்குகளாகச் சந்தையில் விற்றால் அதற்கு இ.டி.எஃப். என்று பெயர். அமெரிக்காவின் நாஸ்டாக் 100 குறியீட்டைப் பின்பற்றும் நிதிகள் இதற்கு எடுத்துக்காட்டு. குறியீடு 1 சதவீதம் ஏறினால் சாதாரண நிதியும் ஏறத்தாழ 1 சதவீதம் ஏறும்.

மும்மடங்கு நிதி வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, தன் முதலைப் போல் மூன்று மடங்குக்குச் சரக்குப் பிடிக்கிறது. குறியீடு இன்று 1 சதவீதம் ஏறினால் நிதி 3 சதவீதம் ஏறும். இறங்கினால் 3 சதவீதம் இறங்கும். இரு மடங்கு நிதிகளும் உண்டு. குறியீடு இறங்கினால் ஏறும் எதிர்மறை நிதிகளும் உண்டு. இவ்வகை இ.டி.எஃப்.கள் அமெரிக்காவில் 2006-இல் புரோஷேர்ஸ் நிறுவனத்தால் தொடங்கப்பட்டன. நாஸ்டாக் 100 குறியீட்டுக்கு மும்மடங்கான டி.க்யூ.க்யூ.க்யூ. என்னும் நிதி 2010 பிப்ரவரியில் வந்தது.

இதில் முக்கியமான சொல் 'இன்று' என்பதே. மும்மடங்கு என்ற வாக்குறுதி ஒரு நாளுக்கு மட்டும்தான். ஒரு வருடத்துக்கு அல்ல.

ஒரு நாள் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறியீடு 100, நிதியின் முதல் ரூ.100. அது ரூ.300-க்குச் சரக்கு பிடித்திருக்கிறது.

முதல் நாள் குறியீடு 100-லிருந்து 110 ஆகிறது. சரக்கின் மதிப்பு ரூ.330. லாபம் ரூ.30. முதல் ரூ.130 ஆகிவிட்டது. மறுநாளும் மூன்று மடங்கு இருக்க வேண்டுமானால் சரக்கு ரூ.390-க்கு இருக்க வேண்டும். ஆகவே நிதி மேலும் ரூ.60-க்கு வாங்குகிறது.

இரண்டாம் நாள் குறியீடு 110-லிருந்து பழைய 100-க்கே திரும்புகிறது. இது 9.09 சதவீத இறக்கம். ரூ.390 சரக்கில் நஷ்டம் ரூ.35.45. மிச்சம் ரூ.94.55. இப்போது மூன்று மடங்கு என்றால் ரூ.283.64 சரக்கு போதும். ஆகவே சுமார் ரூ.71-க்கு விற்கிறது.

குறியீடு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. நிதியில் மட்டும் ரூ.5.45 காணோம். காரணம் என்ன? விலை ஏறிய பின் வாங்கினோம். இறங்கிய பின் விற்றோம். எந்த மளிகை வியாபாரியும் செய்யாத காரியத்தை இந்த நிதி தன் விதிப்படி தினந்தோறும் செய்தாக வேண்டும். இதே ஏற்ற இறக்கம் ஐந்து முறை நடந்தால், பத்து நாளில் குறியீடு 100-லேயே நிற்கும், நிதியின் ரூ.100 சுமார் ரூ.75.50 ஆகிவிடும்.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குறியீடு இரண்டு நாளும் 10 சதவீதம் ஏறினால் 121 ஆகும்; நிதி 169 ஆகும். 21-இன் மூன்று மடங்கு 63 தான், கிடைத்ததோ 69. ஒரே திசையில் தொடர்ந்து ஏறும் சந்தையில் இது மூன்று மடங்குக்கு மேலும் தரும். ஆட்டம் கண்ட சந்தையில் அரித்துவிடும். எவ்வளவு தூரம் போனது என்பதோடு, எந்த வழியாகப் போனது என்பதும் இங்கே கணக்கில் வருகிறது.

நடந்த கணக்கு

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2022-இல் நாஸ்டாக் 100 குறியீடு சுமார் 33 சதவீதம் இறங்கியது. அதன் மும்மடங்கு நிதி சுமார் 79 சதவீதம் இறங்கியது. 2023-இல் குறியீடு 50 சதவீதத்துக்கு மேல் ஏறியது. நிதி ஏறத்தாழ மூன்று மடங்காகியது. 2023-ஐ மட்டும் பார்ப்பவர் வியந்து போவார். இரண்டு வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். குறியீடு 2021 முடிவில் சுமார் 16,300. 2023 முடிவில் சுமார் 16,800. போன இடத்தைத் தாண்டி வந்துவிட்டது. நிதியோ 2021 முடிவில் இருந்த விலைக்கு இன்னும் சுமார் 40 சதவீதம் கீழே இருந்தது. 100 ரூபாய் 21 ஆன பிறகு மூன்று மடங்கானாலும் 63 தானே.

2009 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமும், தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. அதில் காட்டிய ஓர் எடுத்துக்காட்டில், 2008 டிசம்பர் முதல் 2009 ஏப்ரல் வரை ஒரு குறியீடு சுமார் 8 சதவீதம் ஏறியிருக்க, அதன் மும்மடங்கு நிதி 53 சதவீதம் இறங்கியிருந்தது. திசையைச் சரியாகக் கணித்தவரும் பாதிப் பணத்தை இழந்தார்.

மூட்டை மாறினால் விலை மாறும்

அடுத்து, பட்டியலில் உள்ள விலையைப் பார்ப்போம். பழைய பேரேட்டில் அரிசி 100 கிலோ மூட்டைக்கு விலை எழுதியிருக்கும். இன்று 25 கிலோ சிப்பமாக வாங்குகிறோம். இரண்டையும் ஒப்பிட, பழைய விலையை நான்கால் வகுத்துக்கொள்வோம். பங்குச் சந்தையிலும் அப்படித்தான். விலை மிக உயர்ந்தால் ஒரு பங்கை இரண்டாக, மூன்றாகப் பிரிப்பார்கள். உடனே பழைய விலைகள் எல்லாவற்றையும் அதே கணக்கில் வகுத்து எழுதிவிடுவார்கள்.

டி.க்யூ.க்யூ.க்யூ. 2021 முடிவில் சந்தையில் சுமார் 166 டாலருக்கு விற்றது. 2022 ஜனவரியில் ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தார்கள். அதன்பின் அதே நாளின் விலையைப் பட்டியல் 83 டாலர் என்று காட்டியது. மீண்டும் பிரித்தால் அந்த 83-உம் குறையும். நாளும் தேதியும் ஒன்றே. விலை மட்டும் மாறிக்கொண்டே போகும். ஆகவே இரு வேறு சமயங்களில் எடுத்த பட்டியல்களை ஒட்டவைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது.

இறங்கிக்கொண்டே போகும் நிதிகளில் இதற்கு மாறாகப் பல பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்குவார்கள். நாஸ்டாக் 100 இறங்கினால் ஏறும் மும்மடங்கு எதிர்மறை நிதியில் இது பலமுறை நடந்தது. அதன் தொடக்க கால விலையை இன்று பட்டியலில் பார்த்தால் நம்ப முடியாத அளவு பெரிய எண்ணைக் காட்டும். அந்த விலையை யாரும் கொடுத்ததில்லை, வாங்கியதும் இல்லை. முதல் எவ்வளவு கரைந்தது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

பட்டியலில் 'முடிவு விலை', 'திருத்திய முடிவு விலை' என்று இரண்டு பத்திகள் இருக்கலாம். நிதி கொடுத்த ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டது இரண்டாவது. லாப நஷ்டம் பார்க்கத் திருத்திய விலையையே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் எடுக்க வேண்டும். ஒன்றில் அது, மற்றொன்றில் இது என்று எடுத்தால் கணக்கு பொய்யாகும்.

பட்டியலில் இல்லாதவை

2010-இல் தொடங்கிய நிதியின் பட்டியல் 2010-இலிருந்துதான் இருக்கும். 2000 மார்ச் முதல் 2002 அக்டோபர் வரை நாஸ்டாக் 100 குறியீடு 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது அதில் இல்லை. நல்ல காலத்தில் திறந்த கடையின் கணக்கை மட்டும் பார்ப்பது போன்றது இது.

மூடிய கடைகளும் பட்டியலில் இரா. 2018 பிப்ரவரி 5 அன்று சந்தை கலங்கியபோது, எக்ஸ்.ஐ.வி. என்ற எதிர்மறைப் பத்திரம் ஒரே இரவில் 90 சதவீதத்துக்கு மேல் மதிப்பிழந்து, அந்த மாதமே மூடப்பட்டது. இன்று இருக்கும் நிதிகளை மட்டும் வரிசைப்படுத்திப் பார்ப்பவர் கண்ணில் அது படாது.

பார்க்க வேண்டிய முறை

பிள்ளைகள் பட்டியலைக் காட்டும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. இது ஒரு நாளுக்கு எத்தனை மடங்கு? எந்தக் குறியீடு?

2. அதே தேதிகளில் அந்தக் குறியீடு எவ்வளவு ஏறியது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டு.

3. இது திருத்திய விலையா? எத்தனை முறை பிரித்தார்கள், எத்தனை முறை சேர்த்தார்கள்?

4. உச்சத்திலிருந்து எவ்வளவு தூரம் விழுந்தது? அந்த உச்சத்துக்குத் திரும்ப எத்தனை காலம் ஆயிற்று?

நான்காவது கேள்வியே நமக்கு முக்கியம். சரக்கு விலை இறங்கினால் மூட்டை கடையில் இருக்கும். நாலு காசு குறைத்தாவது விற்போம். மும்மடங்கு நிதியில் கரைந்த முதலை விற்க வழியில்லை. தீபாவளிக் கொள்முதலுக்கு வைத்திருக்கும் பணம் தீபாவளிக்கு முன்பே வேண்டும். மொத்த வியாபாரிக்குச் சொன்ன தவணையில் பணம் போய்ச் சேர வேண்டும். வருடக்கணக்கில் காத்திருக்கத் தெம்பில்லாத பணத்தை இதில் போடுவது, கல்லாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதற்குச் சமம்.

பிள்ளைகள் புதிய துறைகளைக் கற்பதை நாம் தடுக்க வேண்டாம். இந்த நான்கு கேள்விகளுக்கும் தாளில் பதில் எழுதிக் கொண்டுவரச் சொல்வோம். எழுதி முடிக்கும்போது பெரும்பாலும் முடிவும் அவர்களுக்கே தெரிந்துவிடும்.